வெள்ளைப் பூ வரும்வரை

1

சுவிட்சர்லாந்துக்கு வந்து இந்தச் சித்திரையோடு ஏழு வருடம் ஆகிவிட்டது. நாள் தவறாமல் நினைவிருக்கக் காரணம் உண்டு. சித்திரை பிறந்தால் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். போய் உட்கார்ந்து, இன்னும் ஒரு வருடம் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருக்காரர்கள் நான் இங்கே குடியேறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குடியேறவெல்லாம் இல்லை. வருடா வருடம் கேட்டு வாங்கி இருந்துகொண்டிருக்கிறேன்.

அந்த அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்க்கும் அம்மாள் மாறுவதில்லை. அவர் கேட்கும் கேள்வியும் மாறுவதில்லை: என்ன வேலை செய்கிறீர்கள்? நான் வகுப்புக்குப் போய்ப் படித்தது செய்தித்தாளில் வருகிற ஜெர்மன். அவர் பேசுவது இந்த ஊர் ஜெர்மன். சென்னைக்காரர் அம்பாசமுத்திரம் சந்தையில் வந்து நின்றால் எப்படி விழிப்பாரோ அப்படித்தான் நான் விழிப்பேன். முதல் வருடம், "மிகுந்த குளிரில் வேலை செய்கிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். இறைச்சிக் கிடங்கு என்று பதிவாகிவிட்டது. அடுத்த வருடம் அதைத் திருத்தப் போனபோது, கிடங்கு வேலையை விட்டுவிட்டு ஏன் இயற்பியலுக்குப் போனீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள்.

இப்போதெல்லாம் மகள் கயலைக் கூட்டிப் போகிறேன். பதினைந்து வயது. இந்த ஊர்ப் பேச்சை இந்த ஊர்க்காரி மாதிரியே பேசுவாள். நான் வாய் திறந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். இந்த முறை அந்த அம்மாள் புதிதாக ஒன்று கேட்டார்.

"உங்கள் ஒப்பந்தம் அக்டோபரோடு முடிகிறதே. அதற்கப்புறம்?"

"நீட்டிப்பார்கள்."

"உறுதியாகவா?"

ஒரு கம்பியைப் பொறுத்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். எங்கள் மூவரின் குடியிருப்பு அட்டைகளும் என் வேலையோடு கட்டப்பட்டவை. வேலை போனால் என் மனைவி வள்ளியும் கயலும் நானும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

திரும்பி வரும்போது டிராமில் கயல் கேட்டாள், "நாம வெளிய போகணுமாப்பா?"

"வெளியன்னா எங்க?"

"திருநெல்வேலிக்கு."

நாங்கள் ஊருக்குப் போவது என்று சொல்வதை அவள் வெளியே போவது என்கிறாள். அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை.

2

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. முடிந்த அளவு எளிதாகச் சொல்கிறேன்.

மின்சாரம் கம்பியில் ஓடும்போது கொஞ்சம் சூடாகி வீணாகும். அப்பா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 'லைன் லாஸ்' என்ற வார்த்தையை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே அவர் வாயால் கேட்டிருக்கிறேன். சில உலோகங்களை மிகவும் குளிர்வித்தால் அந்த இழப்பு அறவே நின்றுபோகும். எலக்ட்ரான்கள் தனித்தனியாக முட்டி மோதாமல் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஓடும். அதற்கு மீக்கடத்தி என்று பெயர்.

நாங்கள் செய்வது அதற்கும் ஒரு படி மேலே. தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய கம்பி ஒன்றைக் குறைக்கடத்தியில் வளர்க்கிறோம். அதன் மேல் அலுமினியத்தைப் போர்த்துகிறோம். இப்படி ஒரு பொருள் இயற்கையில் கிடைக்காது, நாமே கட்டித்தான் எடுக்க வேண்டும். அதைக் காந்தப்புலத்தில் வைத்து, விண்வெளியின் குளிரைவிடப் பல மடங்கு குளிராக்கினால், கம்பியின் இரண்டு முனைகளிலும் ஒரு விசித்திர நிலை பிறக்கும் என்று கணக்குச் சொல்கிறது. ஒரே எலக்ட்ரானின் நிலை இரண்டு பாதியாகி, இந்த முனையில் பாதியும் அந்த முனையில் பாதியுமாக உட்கார்ந்திருக்கும். ஒரு பாதியை மட்டும் பார்த்து, உள்ளே என்ன பொதிந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு முனையில் இடித்தாலும் உள்ளே இருப்பது கெடாது.

இந்த உறுதிக்குப் பெயர்தான் டோபாலஜி. உளுந்த வடையை எப்படி அமுக்கினாலும் நெளித்தாலும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். அதை இல்லாமலாக்க வேண்டுமென்றால் மாவைப் பிய்த்து அடைக்க வேண்டும். சும்மா ஆட்டினால் போகாது. குவாண்டம் கணினிக்கு இப்படி அசையாத நினைவு ஒன்று கிடைத்துவிடாதா என்றுதான் உலகம் முழுக்க இத்தனை பேர் குளிரில் உட்கார்ந்திருக்கிறோம்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் ஒரு பொங்கலுக்கு இதைப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் தலைவர் எழுந்து, "நாமும் அப்படித்தானே, பாதி இங்கே, பாதி தாமிரபரணிக் கரையில்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நிலையில் இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் முழுசு. என் விஷயத்தில் ஊரில் இருக்கிற பாதி நான் இல்லாமலேயே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பாபநாசத்தில் அணை திறந்தால் கல்லிடைக்குறிச்சியில் தண்ணீர் வரும், என்னைக் கேட்டா வருகிறது?

அந்த நிலை பிறந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முனையில் மிகச் சிறிய மின்னழுத்தம் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் நுழைகிறது என்று பார்ப்போம். மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் வரைபடத்தில் ஒரு முகடு எழும்பினால் நல்ல சகுனம். ஆனால் கம்பியில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் சாதாரணக் குறையும் அச்சு அசலாக அதே முகட்டைக் காட்டும். அசலானால் இரண்டு முனையிலும் ஒன்றாக எழும்ப வேண்டும். போலியானால் ஒரு முனையோடு நின்றுவிடும்.

3

மாசியில் எங்களுக்கு முகடு வந்தது. ஒரே ஒரு கம்பியில், ஒரு முனையில்.

வந்தது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. கம்பிக்கு அடியில் சின்னச் சின்ன மின்வாய்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்து, வானொலியில் நிலையம் தேடுவது மாதிரி தேடிக்கொண்டே இருப்போம். முகடு தெரியாத இடங்களைத் தாண்டிப் போவோம். தெரிந்த இடத்தில் நின்றுவிடுவோம்.

எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பொய் சொன்னவர் என்று யாருமே கிடையாது. முகட்டைப் பார்த்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கோடைக்குள் கட்டுரை வெளியானால் திட்டத்தை இன்னும் சில வருடங்களுக்கு நீட்டிக்க முடியும், நீங்களும் இருப்பீர்கள் என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கயலுக்குப் பிடித்த கேக்கை வாங்கிக்கொண்டு போனேன்.

மார்த்தா என்று ஒரு போலந்துப் பெண். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கம்பிகளை வளர்ப்பது அவள்தான். அவள் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"மற்ற கம்பிகளில் எதுவும் வரவில்லையே" என்றாள்.

"அவை கெட்டுப்போனவை" என்றார் பேராசிரியர். ஒன்றில் அலுமினியம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. ஒன்றில் இணைப்பு சரியில்லை. இன்னொன்று செய்யும்போதே கொஞ்சம் வளைந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, எல்லாக் காரணமும் உண்மை.

"இந்தக் கம்பியின் மறுமுனையையாவது அளந்துவிடலாமே."

அதில்தான் சிக்கல். மறுமுனைக்கு இணைப்பு கொடுக்க வேண்டுமானால் குளிர்கலத்தைச் சூடாக்கி, கம்பி பதிந்திருக்கும் சிப்பை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்துக் குளிர்விக்க வேண்டும். சூடாகிக் குளிர்வதில் கம்பியின் குணமே மாறிப்போகலாம். இருக்கிற முகடும் போய்விடலாம். முதலில் கட்டுரை, மறுமுனை பிறகு என்று பேராசிரியர் முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன்.

4

வைகாசியில் ஒரு நாள் அக்கா கூப்பிட்டாள். அம்மா போன பிறகு அப்பா அவளோடும் அத்தானோடும்தான் இருக்கிறார். எங்கள் வீட்டில் ஃபோன் மணி என்றால் முதலில் சாப்பாட்டு விசாரணைதான் நடக்கும். அன்று அது நடக்கவில்லை.

"தம்பி, அப்பாவ பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தோம். நெஞ்சுல ரத்தக்குழாய் அடைப்பாம். ஆபரேசன் செஞ்சே ஆவணும்னு டாக்டர் சொல்லுதாரு."

"செஞ்சிருவோம்க்கா."

"வயசு ஆயிட்டுல்லா. உறுதியா எதுவும் சொல்ல முடியாதுங்காரு. ரொம்ப நாள் தள்ளப்படாதுன்னும் அவருதான் சொல்லுதாரு. நான் என்னத்தச் செய்ய?"

"தள்ள வேண்டாம். நான் டாக்டர்ட்ட பேசுதேன்."

"ஞாயித்துக்கிழமை சாஸ்தா கோயிலுக்குப் போயி பூக்கட்டிப் பாத்துட்டு வாரோம். பொறவு முடிவு பண்ணலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூக்கட்டிப் பார்ப்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்புப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் வைத்து, நாரால் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணம், வீடு, வழக்கு, வைத்தியம் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கம் இது உண்டு. அக்கா பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை.

"நீ கெமிஸ்ட்ரி டீச்சர்க்கா" என்றேன்.

"இருந்துட்டுப் போறேன். அப்பா நல்லபடியா எந்திச்சு வருவாவளான்னு கெமிஸ்ட்ரிட்ட கேட்டா சொல்லுமா?"

"அப்ப என்னையும் ஃபோன்ல போடு, நானும் பாக்கேன்" என்றேன்.

5

சாஸ்தா கோயில் மணிமுத்தாறு போகும் பக்கம், மலையடியில் இருக்கிறது. எங்களுக்குக் குலதெய்வம். எனக்கு இங்கே காலை காப்பி நேரம். அத்தான் ஃபோனைப் பிடித்திருந்தார். அவர் கை அப்படியும் இப்படியும் ஆடியதில் கோபுரமும் மரமும் அக்காவின் தலையும் மாறி மாறித் தெரிந்தன. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். அவர் வீட்டுச் சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். சிவப்பு.

அக்காவின் குரல் கேட்டது. "பிள்ளை எடுக்கைல இலை அவுந்துட்டு, பூசாரி. உள்ள இருக்கது தெரிஞ்சிட்டு. இது செல்லாது."

"சரிம்மா. இன்னொருக்க பாப்போம்."

இரண்டாவது தடவையும் சிவப்பு.

இந்த முறை அத்தான். "ரெண்டு பொட்டலமும் ஒரே அளவா இல்லல்லா. பெருசா இருக்கதத்தான பிள்ளை எடுக்கும்?"

நான் ஃபோனுக்குள்ளிருந்து கத்தினேன். "ஆமா அத்தான், அளவு மாறி இருந்தா அது கணக்குல வராது. ஒரே அளவா இலையக் கிழிச்சு, கட்டுனவங்க குலுக்காம வேற ஆளக் குலுக்கச் சொல்லுங்க!"

அப்படியே செய்தார்கள். வேறு ஒருவர் குலுக்கினார். வெள்ளை வந்தது.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "உத்தரவு குடுத்துட்டாரு தம்பி. சாஸ்தா உத்தரவு குடுத்துட்டாரு." எனக்கும் கண் கலங்கிவிட்டது. அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும் என்று நான் விரும்பினேன், வெள்ளை வந்துவிட்டது, அவ்வளவுதான் எனக்கு அப்போது தெரிந்தது. அந்தக் கடைசிப் பொட்டலத்தின் இலை அவிழ்ந்திருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மரத்தடியிலிருந்து அப்பா சொன்னார், "பூவுட்ட கேட்டாச்சு. சாஸ்தாட்ட கேட்டாச்சு. ஃபோன்ல இருக்கவன்ட்டயும் கேட்டாச்சு. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலயே வே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மலையடியில் எப்போதும் போல சிக்னல் போய்விட்டது. அறுந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன், காப்பியை மறுபடி சுட வைத்துக் குடித்தேன்.

6

கோடையில் இந்த ஊர்க்காரர்கள் வேலை முடிந்ததும் ஆற்றில் இறங்கி மிதந்துகொண்டே வீட்டுக்குப் போவார்கள். துணிமணியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். நம் ஊர் மாதிரி சோப்புப் போடக் கூடாது, ஆனால் பாட்டு உண்டு. தாமிரபரணியில் நீந்திப் பழகியவனுக்கு இந்த நீர் ஒன்றும் பெரிய சவால் இல்லை, குளிர்தான் எலும்பைப் பிடிக்கும். மறுநாள் மாலை அப்படி மிதந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் கை கால் ஓடவில்லை. பக்கத்தில் வந்த ஒருவர், உதவி வேண்டுமா என்று கேட்டார்.

இலை அவிழ்ந்துவிட்டது, அளவு சரியில்லை. அலுமினியம் திட்டாகப் படிந்தது, இணைப்பு சரியில்லை. சிவப்பு வந்தபோதெல்லாம் காரணம் தேடினோம். வெள்ளை வந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டோம். ஆய்வகத்தில் சிவப்பு வந்த கம்பிகளை இத்தனை மாதமாக நுணுக்கி நுணுக்கி ஆராய்ந்தவன் நான். முகடு வந்த கம்பியை ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருக்கிறேனா? என் மீது எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. சின்னப் பெண்ணை வைத்துப் பூ எடுத்த அக்காவையா நான் கேலி செய்தேன்?

பேராசிரியரிடம் போய், மறுமுனையை அளக்காமல் கட்டுரையில் என் பெயர் வர வேண்டாம் என்றேன்.

"உங்கள் ஒப்பந்தம்?"

"தெரியும்."

"உங்கள் மகள் படிப்பு?"

"அதுவும் தெரியும்."

"எனக்கும் அந்த மறுமுனை உறுத்திக்கொண்டுதான் இருந்தது" என்றார் கடைசியில். "சூடாக்குங்கள்."

வீட்டில் வள்ளியிடம் சொன்னேன். அவள் வீரவநல்லூர்க்காரி, சுற்றி வளைத்துப் பேச மாட்டாள். "செய்யுங்க. ஆனா கயல்ட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சொன்னேன். கயல் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "அந்தப் பக்கமும் வந்தா?" என்றாள்.

"இருப்போம்."

"வரலன்னா?"

அவள் ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வேகமாகச் சொன்னதால் எனக்குப் புரியவில்லை. புரியாமல் இருக்கட்டும் என்றே சொல்லியிருப்பாள்.

ஆனால் அளக்கிற நாளில், பள்ளிக்கூடம் விட்டு நேரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். மார்த்தாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் முனையை அளந்தோம். சூடாகிக் குளிர்ந்த பிறகும் முகடு இருந்தது, மின்வாய்களைக் கொஞ்சம் மாற்றி வைக்க வேண்டியிருந்தாலும் முன்னைவிடக் கூர்மையாக நின்றது. மார்த்தா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு மறுமுனை. திரையில் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து வந்தது. பூஜ்யத்தை நெருங்கியது, தாண்டியது, போய்க்கொண்டே இருந்தது. எங்கும் எழும்பவில்லை.

"ஒண்ணும் வரல" என்றாள் கயல், தமிழில்.

என் கை தானாக மின்வாயின் திருகுக்குப் போனது. கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் எங்காவது தெரியாதா? மார்த்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம்" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் முறைப்படி எல்லா அமைப்பிலும் அளந்தோம். முதல் முனையின் முகடு போலி என்று உறுதியாயிற்று. கட்டுரையை மாற்றி எழுதுகிறோம். எல்லாக் கம்பிகளும் அதில் இருக்கும், வளைந்ததும் திட்டுப் படிந்ததும் உட்பட. நாங்கள் தேடியது இதில் இல்லை என்று முடியும். அப்படி ஒரு கட்டுரையைக் காட்டித் திட்டத்தை நீட்டிக்க முடியவில்லை. அக்டோபரோடு எனக்கு வேலை இல்லை என்று பேராசிரியர் நேரில் கூப்பிட்டுச் சொன்னார். அந்த நிலை எங்கோ ஒரு கம்பியில், யாரோ ஒருவர் கையில் கிடைக்கும் என்று நான் இன்னும் நம்புகிறேன். எங்கள் கையில் கிடைக்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

கயல் என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறாள், ஆனால் எல்லாம் ஜெர்மனில். நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிகிற மாதிரி பேசுகிறாள். கதவைச் சாத்திக்கொண்டாலாவது தேவலை என்றிருக்கிறது.

7

இதற்குள் அக்கா மருத்துவமனையில் தேதி கேட்டுவிட்டாள். அப்பா ஒவ்வொரு தேதியாகத் தட்டிக் கழித்தார். முதலில் பல்வலி. அப்புறம் யாரோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பிறகு சாரல் ஆரம்பித்துவிட்டது, ஈரத்தில் புண் ஆறாது என்றார். "சாமியே உத்தரவு குடுத்த பொறவும் இப்படிச் செய்யுதாவ" என்று அக்கா என்னிடம் புலம்பினாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னல, இந்நேரத்துல?"

"சும்மாதாம்ப்பா. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஆபரேசன் வேணும்னு அக்கா சொல்லுதா, நானும் சொல்லுதேன். உங்களுக்கு வேணுமா வேண்டாமா? அதச் சொல்லுங்க."

பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"பயமா இருக்குல" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அம்மா போனபோதுகூட முற்றத்தில் நின்று வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. கம்பி, முகடு, மறுமுனை, அக்டோபர், கயல். இத்தனை மாதமாக ஊரில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அத்தனையையும் எழுபத்தெட்டு வயது நெஞ்சு நோயாளியிடம் கொட்டினேன். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப வந்துருவியா?" என்றார் முடிவில்.

"வேலை போச்சுன்னு சொல்லுதேம்ப்பா."

"அது கெடக்கட்டும்ல. வந்துருவேல்லா?"

இந்தச் செய்தியை இதுவரை இங்கே பலரிடம் சொல்லியாயிற்று. எல்லோரும் வருத்தப்பட்டார்கள். சிலர் எங்கெங்கோ விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அப்பா ஒருவருக்குத்தான் சந்தோஷம். அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை, குரல் இளைஞன் குரல் மாதிரி ஆகிவிட்டது. என் தோல்வி ஒருவருக்கு இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்குமென்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அழுதேன்.

"அக்டோபர் வரைக்கும் பாக்க வேண்டாம்ப்பா. லீவு போட்டுட்டு இப்பவே வாரேன். நீங்க சொல்லுங்க, செஞ்சுக்கிடுதியளா?"

"ஃபோன்ல சொல்ல மாட்டேன். நேர்ல வந்து கேளு. அவசரப்படாம பைய வா. வந்து கேளு, சொல்லுதேன்."

அக்காவிடம் சொன்னேன். "அவியட்ட என்னத்தக் கேக்க? வேண்டாம்னு சொல்லிட்டா என்ன செய்வ?" என்று சண்டைக்கு வந்தாள். டாக்டர் சொன்னது சரிதான், செய்துகொள்வதுதான் நல்லது என்று எனக்கும் தெரியும். அதை அப்பாவிடம் ஒளிக்காமல் சொல்வேன். என்னென்ன ஆகலாம் என்பதையும் ஒன்று விடாமல் சொல்வேன்.

நாளை மறுநாள் விமானம். திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் வழியாக ஊருக்குப் போகிறேன். அவர் சரி என்று சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவைதான் கேட்பேன்.